குடிவந்த ஊர்

வீடு மாறுவது வேறு. ஊர் மாறுவது வேறு.

சென்னையில் நாங்கள் நான்கு முறை வீடு மாறியிருக்கிறோம். அவற்றையெல்லாம் மாற்றம் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு. அதே பால்காரர், அதே மருந்துக் கடை, அதே பஸ் நம்பர். சாமான்களை ஏற்றி இறக்கினால் காரியம் முடிந்தது. ஊர் மாறும்போதோ, சாமான்கள்தாம் எல்லாவற்றையும்விடச் சுலபமாக வந்து சேருகின்றன. ‘குட்டி யானை’ என்று ஜனங்கள் செல்லமாகச் சொல்லும் சின்ன லாரி, இரண்டே நடையில் எங்கள் குடித்தனம் முழுவதையும் கொண்டு வந்து கொட்டிவிட்டது. வராமல் நின்றுவிட்டவை வேறு. இரண்டு முழம் கேட்டால் அம்மாவுக்கென்று இரண்டரை முழம் அளக்கும் பூக்காரி வரவில்லை. சீட்டைப் பார்க்காமலே மாத்திரையை எடுத்து வைக்கும் கடைப் பையன் வரவில்லை. இருட்டில் தேடாமல் போய் சுவிட்சைத் தட்டும் கைப்பழக்கம்கூட வரவில்லை. அது எங்களை வந்து சேர மூன்று மாதம் பிடித்தது.

2021-ஆம் வருஷம் ஆவணி மாதம் நாங்கள் ஐயங்கார்குளத்துக்குக் குடிவந்தோம். ஆடியில் குடி போகக் கூடாது என்று பஞ்சாங்கம் சொன்னதால் ஒரு மாதம் காத்திருந்து வந்தோம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், எழுபத்தாறு வயது அம்மா. கதை எழுதுகிறவனுக்கு ஆபீஸ் கிடையாது. எந்த ஊரில் உட்கார்ந்தாலும் அவனுக்கு வராத வாக்கியம் வராதுதான். மனைவிக்கு ஆபீஸ் உண்டு. ஆனால் 2020-இல் வந்த கொள்ளைநோய் பல ஆபீஸ்களை வீட்டுக் கூடத்துக்கு மாற்றிவிட்டது. கணக்கு எழுத ஒரு மேஜையும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும் என்று ஆயிற்று. ‘பூட்டியே கிடக்கிறது, விளக்கேற்ற ஆள் இருந்தால் சரி’ என்று ஒரு சிநேகிதர் தம் பூர்வீக வீட்டைச் சொற்ப வாடகைக்குக் கொடுத்தார். நாட்டு ஓடு வேய்ந்த வீடு. திண்ணை, கூடம், பரண், பின்னால் ஒரு கிணறு.

இவையெல்லாம் வந்ததற்கு வசதிகள். வந்ததற்குக் காரணம் வேறு.

சென்னையில் நாங்கள் கடைசியாக இருந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளத்தில். 2015 டிசம்பர் முதல் தேதி விடாமல் பெய்த மழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு வந்த உபரி நீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கின. யார் செய்தது பிழை என்று வழக்குத் தொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதைப் பற்றிப் போதிய அறிக்கைகள் வந்துவிட்டன. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: பின்னிரவில் அம்மா தண்ணீர் குடிக்கக் கட்டிலிலிருந்து காலை இறக்கினாள், கால் தண்ணீரில் பட்டது. அரை மணி நேரத்தில் முழங்கால். விடிவதற்குள் மாடி வீட்டுக்காரர்கள் எங்களை மேலே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு இரவுகள் அவர்களுடைய கூடத்தில் பதினேழு பேர் கிடந்தோம். கீழே இறங்கியபோது கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி நிறையச் சேறு. அதற்குள் அம்மாவின் கல்யாணப் பட்டு.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு மழை என்றால் மழை இல்லை. வானம் கறுத்தால் டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொல்வாள். ரேஷன் கார்டையும் மருந்தையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். இரவில் தூறல் விழுந்தால் கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் காலைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். ஐந்து மழைக்காலம் அவள் இப்படிக் காலை வைத்துப் பார்த்ததைப் பார்த்த பிறகுதான் ஊரை விடுவது என்று தீர்மானித்தோம்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“குளமா?” என்றாள்.

*

காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வழியாகப் போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஐயங்கார்குளம் தூரமில்லை. பாலத்தில் வரும்போது அம்மா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள். மணலும் நாணலும் சீமைக் கருவேலமும் தெரிந்தன. தண்ணீர் தெரியவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. ஏனென்றால் அங்கே குளம் இருந்தது. குளம் என்று பெயரே தவிர, எதிர்க்கரையில் நிற்கிற மாடு ஆடு போலத் தெரியும். கருங்கல் படிக்கட்டுகளோடு ஒரு சின்னச் சமுத்திரம். அதற்குப் பழைய பெயரும் தாத சமுத்திரம்தான்.

விஜயநகரத்து வேங்கடபதி ராயருக்கு ராஜகுருவாக இருந்தவர் லக்ஷ்மிகுமார தாதாசாரியார். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் நிர்வாகமும் அவர் கையில் இருந்தது. வேங்கடபதியின் ஆட்சி 1586 முதல் 1614 வரை. அந்தத் தாதாசாரியார் வெட்டுவித்த குளம் இது. கரையில் இருக்கும் சஞ்சீவிராயர் கோயிலும் அவர் கட்டியது. சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்ற அனுமார் இங்கே சற்று நின்று போனார் என்று ஊரில் சொல்கிறார்கள். பொன்னோடு வந்த தாதாசாரியாரைத் திருடர்கள் வளைத்தபோது குரங்குகள் கூட்டமாக வந்து விரட்டின, அந்த நன்றிக்கு எழுந்த கோயில் இது என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டாவது கதையை நான் உடனே நம்பினேன். வந்த மறுநாளே ஒரு குரங்கு எங்கள் சமையலறையிலிருந்து வாழைப்பழத் தாரை எடுத்துக்கொண்டு போயிற்று. எங்களைப் பற்றி அது என்ன நினைத்தது என்பது தெளிவாகத்தான் இருந்தது.

புதிய ஊரில் முதலில் காதில் படுவது சொல். எல்லாம் தமிழ்தான், ஆனாலும் அகராதி வேறு. அம்மா தஞ்சாவூர் ஜில்லாக்காரி. அவளுக்கு நெல் விளையும் இடம் வயல். இங்கே அது கழனி. புன்செய் நிலம் கொல்லி. மகள் படித்த சென்னைப் பள்ளியில் ஆயா என்றால் குழந்தைகளை வகுப்பில் கொண்டுபோய் விடுகிற அம்மாள். இங்கே ஆயா என்றால் பாட்டி. எதிர்வீட்டு அம்மாளை அவள் ‘ஆயா’ என்று கூப்பிட ஒரு வாரம் தயங்கினாள். பிறகு எங்களிடம் இருந்ததைவிட அந்த ஆயாவிடம் அதிக நேரம் இருந்தாள்.

தண்ணீருக்குத்தான் எத்தனை சொல்! இந்தத் தொண்டை மண்டலத்தில் மழைநீரைத் தேக்கிப் பாசனம் செய்யும் நீர்நிலை ஏரி. மதுரை, ராமநாதபுரம் பக்கம் போனால் அதுவே கண்மாய். என் மனைவி பிறந்த திருநெல்வேலிச் சீமையில் அது குளம். ஏரிகளுக்கு நடுவே இந்த ஒரு ஊர் மட்டும் குளம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறதே என்று அவளுக்கு ஒரு சொந்தம் பாராட்டல். அம்மாவுக்கோ இவற்றில் எதுவும் பழக்கமில்லை. அவள் அறிந்த தண்ணீர் ஆற்றுத் தண்ணீர். மேட்டூரைத் திறந்தால், இத்தனை நாளில் வந்து சேரும் என்று சொல்லிவைத்தாற்போல் வரும். வாய்க்காலில் ஓடும், போய்விடும். இப்படி ஊரின் தலைமாட்டில் கரை கட்டி நிறுத்திவைத்த தண்ணீர் அவளுக்குச் சங்கிலியில் கட்டிய யானை மாதிரி. சங்கிலி நல்ல சங்கிலிதானா என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவதாகக் காதில் படுவது ஒரு கேள்வி. “உங்களுக்கு எந்த ஊரு?” திண்ணையில் உட்கார்ந்தால் கேட்டார்கள், கடைக்குப் போனால் கேட்டார்கள். சென்னை என்று பதில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. “அது சரி, சொந்த ஊரு?” என்பார்கள். சென்னை யாருக்கும் சொந்த ஊராக இருக்க முடியாது என்பது வெளியூர்க்காரர்கள் எல்லாருடைய உறுதியான அபிப்பிராயம். தகப்பனார் ஊர், அவருடைய தகப்பனார் ஊர் என்று சொல்லிச் சொல்லி, நானே பார்த்திராத ஒரு கிராமத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திய பிறகுதான் அவர்களுக்குத் திருப்தி.

எனக்கு இது சலிப்பாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. ஒருநாள் அவளிடம், புது ஊரில் எல்லாமே கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: “உனக்கு இது முதல் தடவை. எனக்கு ரெண்டாவது.”

நான் அதை யோசித்ததே இல்லை. 1964-இல், பத்தொன்பது வயதில், கல்யாணம் முடிந்த நாலாம் நாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறி, அதற்கு முன் கண்ணால் கண்டிராத சென்னைக்கு வந்தவள் அவள். பூக்காரியையும் வாய்க்காலையும் பேச்சையும் விட்டுவிட்டுத்தான் வந்தாள். என் மனைவியும் அப்படியே. ஊர் மாறுவது நம் நாட்டில் பாதி ஜனங்களுக்கு விதித்த சடங்கு. மற்றப் பாதி எப்போதாவது ஒரு தடவை மாறினால் கட்டுரை எழுதுகிறோம்.

*

அம்மாவின் கல்யாணப் பட்டை ஒருநாள் காஞ்சிபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். அரக்கு உடல், பச்சைக் கரை. வெள்ளத்தில் இரண்டு நாள் ஊறியதில் அரக்கு ஓடிப் பச்சையில் ஏறிவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு நெசவாளரிடம் காட்டினோம். அவர் முகப்பைப் பார்க்கவில்லை. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். உடலும் கரையும் சேருகிற இடத்தை நகத்தால் தடவினார். “கோர்வை” என்றார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் உடலையும் கரையையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வது கோர்வை. ஒருவர் கையால் ஆகாது. பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். “சாயம் போனது போனதுதான். கோர்வை விடலை. சேலை கிழிஞ்சாலும் இது விடாது” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

பட்டு நெய்கிறவர்கள் குடிபெயர்ந்த கதை ஒன்று கல்லிலேயே இருக்கிறது. குஜராத்தின் தென்பகுதியான லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று, இப்போது மத்தியப் பிரதேசத்தில் மாந்த்சோர் என்று வழங்கும் தசபுரத்துக்குக் குடியேறியது. அங்கே அவர்கள் தங்கள் சங்கத்தின் பொருளைக் கொண்டு சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். கட்டி முடிந்தது கி.பி. 437-ஐ ஒட்டி. பிறகு ஒரு பகுதி சிதைந்துபோக, 473-ஐ ஒட்டிப் புதுப்பித்தார்கள். வத்ஸபட்டி என்ற கவிஞரைக் கொண்டு அத்தனையையும் சம்ஸ்கிருதக் கவிதையாக எழுதிப் பொறித்தும் வைத்தார்கள். குழந்தை குட்டிகளோடும் சுற்றத்தோடும் வழிப் பிரயாணத்தின் கஷ்டங்களைப் பட்டுக்கொண்டு வந்தது, புதிய நகரத்தின் ஏரிகளும் மாளிகைகளும் கண்ணுக்குப் பட்ட விதம், எல்லாம் அதில் வருகிறது. தங்கள் பட்டைப் புகழ்ந்துகொள்ளவும் மறக்கவில்லை.

அதில் என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. வந்த பிறகு எல்லாரும் நெசவையே பிடித்துக்கொண்டிருக்கவில்லையாம். சிலர் வில்வித்தையில் இறங்கினார்கள்; சிலர் கதை சொல்லப் போனார்கள்; சிலர் சோதிடம் கற்றார்கள். சிலர் மட்டும் தறியிலேயே இருந்தார்கள். ஊர் மாறுகிறவன் கொஞ்சம் ஆளும் மாறுகிறான் என்பது ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனாலும் கோயில் கட்டவும் பழுது பார்க்கவும் அவர்கள் கூடியது பட்டு நெசவாளராகத்தான்.

இந்த நினைப்போடு உத்திரமேரூருக்கும் போய் வந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. 919-இலும் 921-இலும் பொறித்தவை. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் அமர்த்தியதைச் சொல்பவை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். குடிவந்தவனாகப் போய்ப் பார்த்தபோது எனக்குத் தகுதிப் பட்டியல்தான் கண்ணில் நின்றது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பு. வேதக் கல்வி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய உறவினனும் கூடாது. ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தேன். வயதில் மட்டும் தேறினேன்.

ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலம். நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. மண் சுமந்து கரை போட்டவர்கள் பெயரும் குடத்துக்குள் போயிருக்காது. அதை மறந்துவிட்டு வியந்துகொண்டிருப்பதற்கில்லை. ஆனாலும் ஏரியை ஏன் நிலமும் வீடும் உள்ளவனிடம் ஒப்படைத்தார்கள் என்பது புரிந்தது. கரை உடைந்தால் அவன் கழனியும் போகும், வீடும் போகும். பயம் இருக்கிறவனிடம்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். பயத்தில் மட்டும் பார்த்தால் எங்கள் வீட்டில் அம்மா தலைவியாகவே இருக்கத் தகுந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

நவம்பர் முதல் தேதி சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் செல்போனுக்குள் இருந்த பள்ளிக்கூடம் மறுபடி பெஞ்சும் கரும்பலகையுமாக ஆயிற்று. மகள் ஒரு வாரம் போனாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மறுபடி விடுமுறை. 2021 நவம்பர் மழையைத் தமிழ்நாட்டில் யாரும் சீக்கிரம் மறக்கமாட்டார்கள். ஒரு தாழ்வு மண்டலம் போய் முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றது.

பரணில் டிரங்குப் பெட்டி ஏறியது. தலைமாட்டில் பை வந்தது. அம்மா இரவில் காலைத் தரையில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் எதற்காகச் சென்னையை விட்டோமோ அது எங்களுக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது போல இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். மின்சாரம் இல்லை. தெருவில் திடீரென்று ஆள் அரவம். நாலைந்து டார்ச் வெளிச்சம் ஓட்டுக்கடியில் ஓடிற்று. யாரோ கத்தினார்கள், மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. “ஆரம்பிச்சிடுச்சு. குழந்தையை எழுப்பு” என்றாள் அம்மா. பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள். அவள் குரலில் பதற்றம் இல்லை. பழகிய வேலையைச் செய்கிறவள் குரல். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“கோடி போவுது சார்! பக்கத்து ஏரி கோடி போவுது! எத்தினி வருசம் ஆச்சு!”

எனக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. “மறுகால் பாயுது அத்தை. நிறைஞ்சு வழியுது. எங்க ஊர்ல மறுகால்னு சொல்லுவோம்” என்றாள். அம்மா அவரையே பார்த்தாள். “ஏரி நிறைஞ்சு வழியுது, இவர் எதுக்குச் சிரிக்கிறார்?” என்று என்னிடம் கேட்டாள்.

காலையில் மழை சற்று விட்டதும் ஊரில் பாதி அங்கே போயிற்று. பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டு போனார்கள். எதிர்வீட்டு ஆயா வந்து அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். எதுவானாலும் தானே போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்தாளோ என்னவோ.

ஏரிக்கரையைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரையில் மதகு இருக்கும். கழனிக்கு வேண்டிய தண்ணீரை அதன் வழியே விடுவார்கள். அதைத் தவிர, கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய தாழ்ந்த பகுதி ஒன்று இருக்கும். அதற்குக் கலங்கல் என்று பெயர். ஏரி கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு விரல்கடை ஏறினாலும் தண்ணீர் அதன்மேல் தானாக வழிந்துவிடும். யாரும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். வழிந்தது கால்வாயில் போய் அடுத்த ஏரிக்குள் விழும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தப் பக்கத்து ஏரிகள் பலவும் இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டு நிற்பவை. கோடி போனால் கரைக்கு ஆபத்து இல்லை. நிறைந்த பிறகும் கோடி போகாவிட்டால்தான் ஆபத்து.

கலங்கல்மேல் கண்ணாடித் தகடு போலத் தண்ணீர் சரிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் கீழே மீன் பிடித்தார்கள். பெரியவர் அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டினார். கரையில் கசிவு கண்ட ஓரிடத்தில் இரவே மண்மூட்டை அடுக்கியிருந்ததையும் காட்டினார். ராத்திரி மண்வெட்டிச் சத்தம் அதற்காகத்தான்.

“நிக்கிற எடத்துல நிக்குது, போற வழியில போவுது. அப்பறம் இன்னாம்மா பயம்?” என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கே அது போற வழியில நாங்க இருந்தோம்” என்றாள்.

ஆயாவிடமிருந்து கொஞ்சம் பூவை வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

கதை இதோடு நன்றாக முடிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். நவம்பர் 19, கார்த்திகை தீபத்தன்று, பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. நாங்கள் மணலை மட்டும் பார்த்திருந்த ஆறு, கரைக்குக் கரை சேற்று நிறத்தில் ஓடியது. அன்றைக்குத்தான் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். தண்ணீர் எந்த ஊரிலும் சாது இல்லை. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும், அன்று மாலை அம்மா திண்ணையில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றினாள். காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்றினாள். இரவில் அவள் கட்டிலிலிருந்து காலை இறக்கிப் பார்த்தாளா என்று நான் விழித்திருந்து கவனித்தேன். ஒரு தடவை பார்த்தாள். பிறகு தூங்கிவிட்டாள்.

*

2022 ஏப்ரலில் சித்ரா பௌர்ணமி வந்தது. இந்த ஊருக்கு அதுதான் பெரிய நாள். காஞ்சி வரதர் வழியெல்லாம் மண்டகப்படி கண்டுகொண்டு இங்கே எழுந்தருளுகிறார். சஞ்சீவிராயர் கோயிலை அடுத்து நடவாவிக் கிணறு இருக்கிறது. வாவி என்றால் கிணறு. நடந்து இறங்கிப் போகிற வாவி. தரைமேல் ஒரு கல் வளைவு மட்டும் தெரியும். அதற்குள் நுழைந்தால் படிகள் பூமிக்குள் இறங்கும். அடியில் கல்தூண் மண்டபம். மண்டபத்துக்கு நடுவில் கிணறு. வருஷம் முழுவதும் இதெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். திருவிழாவுக்காக மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். பெருமாள் படி இறங்கிப் போய் மண்டபத்தைச் சுற்றி வருகிறார். ஜனங்களும் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

ஆயா கையைப் பிடித்துக்கொள்ள, அம்மா அந்தப் படிகளில் இறங்கினாள். அந்தக் கல்யாணப் பட்டைத்தான் உடுத்தியிருந்தாள். சாயம் ஓடின இடம் தெரியாதபடி கொசுவத்துக்குள் வைத்துக் கட்டியிருந்தாள். தூண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. கைக்கு எட்டாத உயரத்தில் தண்ணீர் நின்ற அடையாளம் பாசிக் கோடாகத் தெரிந்தது. அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள்.

“இவ்வளவு தண்ணியையும் எங்கே விட்டாங்க?” என்று கேட்டாள்.

“கழனிக்குத்தான். நாலஞ்சு நாள்ல ஊறிடும், பாருங்க” என்றாள் ஆயா.

திருவிழா முடிந்தது. கடைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். ரேஷன் கார்டில் விலாசம் மாறி வந்தது. நான் வேறு வேலைகளில் அந்தக் கிணற்றை மறந்துவிட்டேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மாலையில் அம்மா வெளியே போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். கிணற்று வளைவுவரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

“மண்டபம் முங்கிடுச்சு. நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு படி ஏறியிருக்கு” என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற உள்ளே போனாள்.